ஸ்காட்லாந்தின் ஊர்ப்பெயர்களைக் கடல் கடத்தியவர் யார்?

நிலப்படக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உலகப் படத்தில் ஸ்காட்லாந்தின் ஊர்ப்பெயர்களைத் தேடிப் பட்டியல் போடுவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. கனடாவில் கால்கரி, பான்ஃப், ஆஸ்திரேலியாவில் பெர்த், நியூசிலாந்தில் டனீடின், ஹாங்காங்கில் அபர்டீன் என்று அது நீண்டுகொண்டே போகும். தாய்மண்ணை மறக்க முடியாத குடியேறிகள் தங்கள் ஊர்ப்பெயரைப் புதிய மண்ணுக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள் என்ற வரியும் தவறாமல் பின்னால் வந்துவிடும். அந்த வரியோடுதான் எனக்குப் பிணக்கு. பட்டியலில் உள்ள பெரிய ஊர்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் குடியேறிகளே அல்லர்.

கால்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1875-இல் அங்கே எழுந்தது குதிரைக் காவல்படையின் கோட்டை ஒன்றுதான். அதற்குப் பொறுப்பாயிருந்த பிரீஸ்புவா என்ற அதிகாரி தன் பெயரையே அதற்குச் சூட்டிக்கொண்டார். மேலதிகாரியான ஜேம்ஸ் மக்லவுட் 1876-இல் அதை நீக்கிவிட்டு, ஸ்காட்லாந்தின் மல் தீவில் தாம் விருந்தினராகத் தங்கியிருந்த கால்கரி என்ற இடத்தின் பெயரை வைத்தார். மல் தீவிலிருந்து வந்த கூட்டம் எதுவும் அங்கே குடிசை போடவில்லை. பெர்த் நகரம் 1829-இல் நிறுவப்பட்டபோது, லண்டனில் குடியேற்றத் துறையைக் கவனித்துவந்த ஜார்ஜ் மரே பெர்த்ஷயரைச் சேர்ந்தவர் என்பதால், அவருடைய விருப்பப்படி ஆளுநர் ஸ்டெர்லிங் அப்பெயரைச் சூட்டினார். பான்ஃப் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகத் தொடங்கியது. கனேடிய பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன் பான்ஃப்ஷயரில் பிறந்தவர். ஹாங்காங்கின் அபர்டீனோ அபர்டீன் பிரபு என்ற வெளியுறவு அமைச்சரின் நினைவாக வந்தது. அங்கே நகரத்தின் பெயர் போகவில்லை. பிரபுவின் பட்டம் போயிருக்கிறது.

குடியேறிகளோடு உண்மையிலேயே பயணம் செய்த பெயர் எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு கில்டோனன். வட ஸ்காட்லாந்தின் சதர்லாந்துப் பண்ணையாட்சி 1813-இல் கில்டோனன் பள்ளத்தாக்கின் குடியானவர்களை ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்தைவிட்டு அகற்றியது. அவர்களுள் ஏறத்தாழ நூறு பேர் கனடாவில் செல்கர்க் பிரபு அமைத்த சிவப்பாற்றுக் குடியேற்றத்துக்குப் புறப்பட்டார்கள். கப்பலில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. இறக்கிவிட வேண்டிய துறைக்குப் போகாமல், ஹட்சன் விரிகுடாவின் கரையில் சர்ச்சில் என்ற இடத்திலேயே அவர்களை இறக்கிவிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் அங்கே கிடந்துவிட்டு, 1814-இல் பனி முற்றும் உருகுவதற்கு முன்பே இளைஞர்களும் பெண்களும் யார்க் கோட்டை வரை நடந்து சென்றார்கள். இன்றைய வினிபெக் நகரின் வடபகுதியில் இருக்கும் கில்டோனன், 1817-இல் அங்கு வந்த செல்கர்க் அவர்களுடைய கோயிற்பற்றுக்குச் சூட்டிய பெயர். பெயரை அறிவித்தவர் பிரபுதான் என்றாலும், அந்தப் பெயருக்கு உரியவர்கள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைப் போன்ற பெயர்களைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆளுநர்களும் ரயில் முதலாளிகளும் வைத்த பெயர்களைத் தனியாகப் பிரித்துவிடுவோம்.

தென்தீவுவாசி

நான் பல ஆண்டுகளாக நியூசிலாந்தின் ஒட்டாகோ மாகாணத்தில் வசிக்கிறேன். நீங்கள் பிரிக்கும் கோடு இங்கே ஒட்டாது என்பதால் எழுதுகிறேன். டனீடின் என்ற பெயரை நீங்கள் எந்தப் பக்கம் போடுவீர்கள்?

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது பிரிந்து சென்ற சுதந்திரத் திருச்சபையின் ஆதரவோடு திட்டமிடப்பட்ட குடியேற்றம் இது. முதலில் நியூ எடின்பரோ என்றே பேசப்பட்டது. எடின்பரோவின் பதிப்பாளர் வில்லியம் சேம்பர்ஸ், 'நியூ' என்று ஒட்டுப் போட்ட பெயர்கள் ஏற்கெனவே மலிந்துவிட்டன என்று ஆட்சேபித்து, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் எடின்பரோவுக்கு இருந்த பெயரையொட்டி டனீடின் என்று வைக்கலாமே என்று எழுதினார். அவர் இங்கு வந்து குடியேறியவர் அல்லர். நில அளவையாளர் சார்லஸ் கெட்டில், குடியேறிகள் வருவதற்கு முன்பே, எடின்பரோவின் சாயல் தெரியும்படி தெருக்களை வரைந்தார். பிரின்சஸ் தெரு, ஜார்ஜ் தெரு, மோரே பிளேஸ், ஹீரியட் ரோ என்று அந்த நகரத்தின் பெயர்களை வரிசையாக எடுத்து வைத்தார்கள். நகரின் நடுவே ஓடும் சிற்றாறு கூட எடின்பரோவில் உள்ளதைப் போல வாட்டர் ஆஃப் லீத் ஆகிவிட்டது. 1848 மார்ச்சில் ஜான் விக்ளிஃப் கப்பலும், ஏப்ரலில் பிலிப் லைங் கப்பலும் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 340 பேர் தங்களுக்காக முன்கூட்டியே பெயரிடப்பட்ட ஊரின் சேற்றில் இறங்கினார்கள்.

உங்கள் கணக்குப்படி இது வரைபடக்காரர்களின் பெயர். ஆயினும், வந்தவர்கள் ஸ்காட்லாந்தினர். பெயரை விரும்பி ஏற்றவர்கள். அடுத்து வைத்த பெயர்களையும் அதே போக்கில் வைத்தவர்கள். அவர்களுடைய போதகர் தாமஸ் பர்ன்ஸ், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தம்பி மகன். கவிஞர் உழுது பயிரிட்ட எயர்ஷயர் பண்ணையின் பெயரே பக்கத்தில் உள்ள மாஸ்கீல் ஊருக்கு வந்தது. குடும்ப நினைவு ஒரு பண்ணையின் பெயரை ஏந்திவந்து ஊராக்கியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

தெற்கே இன்வர்கார்கில் இன்னும் விசித்திரமானது. ஆற்று முகத்துவாரத்தைக் குறிக்கும் 'இன்வர்' என்ற முன்னொட்டுடன், குடியேற்றத் தலைவர் கேப்டன் கார்கிலின் குடும்பப் பெயரை இணைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அப்படி ஓர் ஊர் கிடையாது. அங்குள்ள தெருக்களுக்கு டே, டீ, ஸ்பே, எஸ்க் என்று ஸ்காட்லாந்து ஆறுகளின் பெயர்கள். அவற்றுக்கு நடுவே வேறு ஆறுகளும் கலந்திருக்கும். ஊரை அளந்த ஜான் டர்ன்புல் தாம்சன் ஸ்காட்லாந்துக்காரர் அல்லர். எல்லைக்குத் தெற்கே நார்தம்பர்லாந்தில் பிறந்த ஆங்கிலேயர். மேனியோடோட்டோ சமவெளியின் ஓடைகளுக்கு ஆடு மாடு பன்றிகளைக் குறிக்கும் வட்டாரச் சொற்களோடு, ஓடை என்று பொருள்படும் 'பர்ன்' என்பதைச் சேர்த்துக் கைபர்ன், ஸ்வின்பர்ன், கிம்மர்பர்ன், ஹாக்பர்ன் என்று வைத்தவரும் அவரே. அவர் அனுப்பிய மாவோரிப் பெயர்கள் மறுக்கப்பட்ட கோபத்தில் இப்படித் தொழுவத்தையே வரைபடத்தில் இறக்கினார் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், இந்தச் சமவெளியைப் பார்ப்பவர் எவரும் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் பெயரிட்ட நிலம் என்றே சத்தியம் செய்வார்கள். பெயரிட்டவரோ ஓர் ஆங்கிலேய அரசு ஊழியர்.

சிங்கைத் தெருக்காரர்

தென்தீவுவாசி குறிப்பிட்ட தாம்சன் எங்களுக்கும் பழக்கமானவர்தான். நியூசிலாந்து செல்வதற்கு முன்பு 1841 முதல் 1853 வரை அவர் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக இருந்தார். நாங்கள் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் தாம்சன் சாலை அவருடைய பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பெட்ரா பிராங்கா பாறையின் மீது 1851-இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் அவரே. அந்த விளக்கத்துக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க், கிழக்குக் கடல்களின் வழிகாட்டி வரைபடங்களைத் தயாரித்த ஃபைஃப் மாவட்டத்து ஸ்காட்லாந்துக்காரர். ஆக, ஓர் ஆங்கிலேயர் கட்டிய விளக்கத்துக்கு ஸ்காட்லாந்துப் பெயர். அந்த ஆங்கிலேயரின் பெயர் எங்கள் சாலைக்கு. நிலப்படக்காரன் இதை எந்தக் கட்டத்தில் போடுவார் என்று அறிய ஆவல்.

தேயிலைமலை

நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பிள்ளை. எங்கள் மலைகளை விட்டுவிட்டு இந்த உரையாடல் நகர முடியாது. டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ, பால்மோரல், கிளாஸ்கோ, இன்வெர்னஸ் என்று எங்கள் தோட்டங்களின் பெயர்களை அடுக்கினால், யாரோ ஸ்காட்லாந்தின் பாடப்புத்தகத்தைத் திறந்து வாசிப்பது போலத்தான் இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் பால்மோரலும் கிளாஸ்கோவும் அடுத்தடுத்த தோட்டங்கள். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் டன்சினன், ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வரும் அதே பெர்த்ஷயர் மலையின் பெயர்.

இந்தப் பெயர்களை வைத்தவர்களை நான் குடியேறிகள் என்று சொல்லமாட்டேன். கோப்பிக் காலத்தில் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட துரைமார்களில் ஸ்காட்லாந்தினர், குறிப்பாக அபர்டீன்ஷயர், கின்கார்டின்ஷயர்ப் பக்கத்தவர்கள், ஏராளம். அவர்கள் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்பு தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, உரிமையாளர்கள் மாறினார்கள், கம்பனிகள் வந்தன, 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. பெயர்ப் பலகை மட்டும் மாறவில்லை.

இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலையின் தொடக்கமாகக் கருதப்படும் 1867-ஆம் ஆண்டுப் பயிர், கின்கார்டின்ஷயரின் ஆக்கன்பிளே ஊரிலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் நட்டது. அவர் வாழ்ந்து மறைந்த தோட்டமோ லூல்கந்துர என்ற உள்ளூர்ப் பெயரோடே இருந்தது. வந்தவர்களுள் திரும்பிப் போகாமல் மண்ணிலேயே தங்கிவிட்ட ஒருவரின் தோட்டத்துக்குத்தான் ஸ்காட்லாந்துப் பெயர் இல்லை.

தொழிலாளர்கள் பல தோட்டங்களுக்குத் தாங்களாக ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள். ஃபெர்குசன் குடும்பத்தினர் வெளியிட்ட கையேடுகளில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயருக்கு இணையாக அந்தத் தமிழ்ப் பெயர்களும் அச்சிடப்பட்டன. இந்தியாவிலிருந்து புதிதாக வரும் ஆட்களைக் கங்காணிமார் சரியான தோட்டத்தில் கொண்டுசேர்க்க வேண்டுமானால், ஹோலிரூட் என்று கேட்டு வழி கண்டுபிடிக்க முடியுமா? ஆயினும் இன்று கடிதத்திலும் அடையாள அட்டையிலும் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் நிற்பது துரை வைத்த பெயர்தான். "டன்சினன் மேற்பிரிவு" என்று முகவரி எழுதும்போது எங்களுள் யாருக்கும் ஸ்காட்லாந்து நினைவுக்கு வருவதில்லை. அது எங்கள் ஊரின் பெயர், அவ்வளவுதான்.

நிலப்படக்காரன்

சிங்கைத் தெருக்காரருக்கு: ஹார்ஸ்பர்க்கும் தாம்சனும் ஆட்பெயர்கள். ஊர்ப்பெயர் பற்றிய இந்த இழையில் அவர்களுக்கு விருந்தினர் இருக்கைதான் தர முடியும். தென்தீவுவாசிக்கு: மாஸ்கீலை முழு மனதோடு ஏற்கிறேன், டனீடினைப் பாதி மனதோடு ஏற்கிறேன், கிம்மர்பர்னை அறவே ஏற்கமாட்டேன்.

தேயிலைமலை குறிப்பிட்டது முக்கியமான ஒரு மூன்றாம் வகை. ஆளுநரும் அல்லாமல் குடியேறியும் அல்லாமல், சம்பாதித்துக்கொண்டு திரும்பும் நோக்கத்தோடு வந்தவர்கள் வைத்த பெயர்கள். கரீபியன் கடற்பகுதியிலும் இதே வகைதான் மிகுதி என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஏடுபுரட்டி

கரீபியன் என்று வந்துவிட்டதால் கயானாவிலிருந்து தொடங்குகிறேன். அதில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு.

பெர்பிஸ் ஆற்றுக்குக் கிழக்கே கோரன்டைன் கடற்கரைச் சாலையில் சென்றால் ஃபைரிஷ், ஆல்னஸ், நிக், டெயின் என்ற ஊர்கள் வரும். இந்த நான்கு பெயர்களும் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ஈஸ்டர் ராஸ் என்ற ஒரே சிறு வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவை. டச்சுக்காரர்களின் கையிலிருந்த பெர்பிஸை 1796-இல் பிரிட்டன் பிடித்தது. அந்தக் காலத்தை ஒட்டி அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் கடலோரச் சதுப்பில் பருத்தி, காப்பி, கரும்புத் தோட்டங்களை அமைத்தன. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். கில்டோனனில் துரத்தப்பட்டவர்கள் பெயரைச் சுமந்து சென்றார்கள் என்றால், இங்கே உடைமையாளர்கள் தங்கள் உடைமைக்கு அடையாளமாகப் பெயரைப் பொறித்தார்கள். ஜமைக்காவில் உள்ள அபர்டீனும் கலோடனும் கிளாஸ்கோவும் இதே கதைதான். வறுமையால் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786-இல் ஜமைக்காத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் வேலைக்குப் புறப்படவிருந்தார். அவருடைய கவிதை நூல் வெற்றி பெற்றதால் பயணம் நின்றது. ஸ்காட்லாந்துக் குடியேற்றம் என்றாலே விரட்டப்பட்ட ஏழைகளை மட்டும் நினைத்துக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

அடிமை முறை ஒழிந்த பிறகு, 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழர்களும் தெலுங்கர்களும் அங்கே 'மதராசிகள்' ஆனார்கள். மேலே சொன்ன ஊர்களுக்கு அருகிலுள்ள ஆல்பியன் தோட்டத்தை ஒட்டி மாரியம்மன் வழிபாடு வேரூன்றியதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இன்று கயானாப் பல்கலைக்கழகத்தின் பெர்பிஸ் வளாகம் இருப்பது டெயினில்.

ஈஸ்டர் ராஸின் ஃபைரிஷ் குன்றுக்கு நம்மோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அந்தக் குன்றின் உச்சியில், தொலைவிலிருந்தே வானத்தை வெட்டிக்கொண்டு தெரியும்படி, நடுவில் வளைவுகளோடு ஒரு கற்றூண் வரிசை நிற்கிறது. அதைக் கட்டியவர் நோவரின் நிலக்கிழார் சர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சாரில் வென்றவரும், 1780-இல் பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையிடம் பிரிட்டிஷ் தளபதி பெய்லியின் பிரிவு அழிந்தபோது உதவிக்குச் சென்று சேராதவர் என்று பழிக்கப்பட்டவரும் அவரே. 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து அவர் கைப்பற்றிய நாகப்பட்டினத்துக் கோட்டையின் வாயிலைப் போலவே அந்த நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. உள்ளூர் ஏழைகளுக்கு வேலையும் கூலியும் கிடைக்க அதைக் கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக இரவில் கற்களைக் கீழே உருட்டிவிட்டார் என்ற கதையும் வழங்குகிறது. ஃபைரிஷ் என்ற பெயர் கயானாவுக்குச் சென்றது. நாகப்பட்டினத்தின் வாயில் ஃபைரிஷுக்கு வந்தது.

கடற்கரைச்சாலை

நாகையில் பிறந்தவன் என்பதால் ஏடுபுரட்டி அவர்களின் பதிவை இருமுறை வாசித்தேன். ஒரு சந்தேகம். அந்தக் குன்றின் அமைப்புக்கு ஏன் நாகப்பட்டினத்தின் பெயரை வைக்கவில்லை? கைப்பற்றிய ஊரின் பெயரைத் தங்கள் மண்ணில் வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லையா?

ஏடுபுரட்டி

வழக்கம் இருந்தது; தெருக்களோடு நின்றுவிட்டது எனலாம். கிளாஸ்கோ நகரின் நடுவில் ஜமைக்கா தெருவும் வர்ஜீனியா தெருவும் இன்றும் உள்ளன. புகையிலையிலும் சர்க்கரையிலும் செழித்த வணிகர்களின் காலத்தவை அவை. ஊருக்கு அப்படிப் பெயர் வைக்க முடியாததற்குக் காரணம் எளியது. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் மடுவுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்தது, அந்தப் பெயரைச் சொல்லும் மக்களும் இருந்தார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒட்டாகோவிலும் கூட அப்படித்தான் இருந்தது. அங்கே அந்த மக்களைக் கேட்கவில்லை.

பனிநாடன்

கேட்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நோவா ஸ்கோஷியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நிலப்படக்காரனின் கருத்தை அது எதிர்பாராத பக்கமாகக் கொண்டுசெல்லும்.

மாகாணத்தின் பெயர் குடியேறிகளுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. 1621-இல் அரசர் ஆறாம் ஜேம்ஸ், சர் வில்லியம் அலெக்சாண்டருக்கு வழங்கிய சாசனத்தில் லத்தீனில் 'புதிய ஸ்காட்லாந்து' என்று எழுதப்பட்டது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. பெயர் தாளில் கிடந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்து மக்களின் பெரும் வருகைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் ஹெக்டர் கப்பல் 1773-இல்தான் வந்தது. லாக் புரூமிலிருந்து ஏறத்தாழ 190 பேர் அந்தப் பழைய கப்பலில் அடைபட்டு வந்து இறங்கிய இடத்தின் பெயர் பிக்டு. அது மிக்மாக் பழங்குடியினரின் பெயர். வந்தவர்கள் அதை மாற்றவில்லை. இன்றும் அது பிக்டுதான். இதேபோல ஆன்டிகோனிஷ் ஊரில் கேலிக் மொழி தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது. ஊரின் பெயரோ மிக்மாக் பெயர்.

கேப் பிரெட்டன் தீவில் நிலைமை இன்னும் சுவையானது. அங்குள்ள கேலிக் பேசும் மக்கள் அரசாங்க வரைபடத்தில் இருந்த பெயர் ஒருபுறம் இருக்க, தங்களுக்குள் வேறு பெயர்களை வழங்கினார்கள். மாபூ என்ற ஊரைக் கேலிக்கில் பாலம் என்று பொருள்படும் 'அன் ட்ரொஹிட்' என்றே அழைத்தார்கள். ஸ்காட்லாந்தின் எந்த ஊரையும் நினைவுபடுத்தாத, கண்ணெதிரே இருக்கும் பாலத்தைச் சொல்லும் பெயர் அது. மாவட்டத்துக்கு 1837-இல் இன்வெர்னஸ் என்று பெயர் சூட்டியதோ சட்டமன்றம்.

இதன் உச்சம் நார்மன் மக்லவுட் என்ற போதகரின் கூட்டம். ஸ்காட்லாந்தின் அசின்ட் பகுதியில் பிறந்த இவர் பிக்டுவுக்கு வந்து, அங்கிருந்து தம்மைப் பின்பற்றியவர்களோடு கேப் பிரெட்டனின் செயின்ட் ஆன்ஸ் விரிகுடாவுக்குச் சென்றார். உருளைக்கிழங்கு நோயும் பஞ்சமும் தாக்கிய பின்பு, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், 1851-இல் தாங்களே கட்டிய கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கும் பிறகு நியூசிலாந்துக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். அடுத்தடுத்த கப்பல்களில் மொத்தம் எண்ணூறு பேர் அளவில் போய்ச் சேர்ந்தார்கள். கேலிக்கில் தொழுது, கேலிக்கில் சண்டையிட்டு, இரண்டு பெருங்கடல்களைக் கடந்த அந்தக் கூட்டம் 1850களில் குடியேறிய ஊரின் பெயர் என்ன தெரியுமா? வைபூ. மாவோரிப் பெயர். ஸ்காட்லாந்துத்தனம் இதைவிட அடர்த்தியாக இருந்த குடியேற்றம் தென்கடலில் இல்லை; ஊருக்கு ஸ்காட்லாந்துப் பெயர் வைக்கவேண்டும் என்ற தவிப்பு அவர்களிடம் இருக்கவில்லை.

எனவே நான் ஒரு படி மேலே போகிறேன். பெயர் வைப்பதற்கு அதிகாரம் வேண்டும். வரைபடமும் பதிவேடும் கையில் இருக்கவேண்டும். கேலிக் மட்டுமே தெரிந்த, எழுத்தறிவு குறைந்த, நிலப்பத்திரத்துக்காக அலுவலகத்தில் காத்துக்கிடந்த மக்களிடம் அது இல்லை. அவர்கள் சுமந்துவந்த பெயர்கள் வீட்டுக்கும் ஓடைக்கும் கல்லறைக்கும் வைக்கப்பட்டு, அந்த மொழியோடு சேர்ந்து மங்கின. நிறைவாக, விதிவிலக்காக ஒன்டாரியோவின் கிளென்கேரியைச் சொல்வேன். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் 1784-இல் வந்த போர்வீரர் குடும்பங்களும், 1786-இல் தங்கள் குருவானவரோடு கப்பலேறி வந்த சில நூறு பேரும் ஒரே குலத்தையும் ஒரே பள்ளத்தாக்கையும் சேர்ந்தவர்கள். அங்கே பெயர் மக்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர்களிடையே பட்டாளத்து அதிகாரிகள் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

நேட்டால்பேரன்

என் முன்னோர் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் என்பதால் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குறிப்பு. வடக்கு நேட்டாலில் டண்டீ, கிளென்கோ என்று இரண்டு ஊர்கள் அருகருகே உள்ளன. டண்டீயை 1882-இல் நிறுவியவர் பீட்டர் ஸ்மித். ஸ்காட்லாந்தின் டண்டீக்கு அருகிலிருந்து வந்து, பண்ணை வாங்கி, நிலக்கரி வெட்டி, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர். நிலப்படக்காரன் தேடும் வகையில் இது கச்சிதமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

1913-இல், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் இந்தச் சுற்றுப்புறம் முழுவதும் பரவியது. காந்தி அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று ஒன்பது மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றது இந்த டண்டீயின் நீதிமன்றத்தில்தான். சுரங்கத்துத் தமிழர்களுக்கு டண்டீ என்ற பெயர் எந்த நாட்டை நினைவூட்டியிருக்கும் என்பதைத் தேயிலைமலை ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ஏடுபுரட்டி

பனிநாடன் சொன்ன 'அதிகாரம்' என்ற கருத்துக்கு வலு சேர்க்கும் பெயர் ஒன்று டேரியன். அதிகாரம் போனால் பெயரும் போய்விடும் என்பதற்கு அது சாட்சி.

1698-இல் லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்களில் ஏறத்தாழ 1200 பேர் இன்றைய பனாமாவின் டேரியன் கரைக்குப் புறப்பட்டார்கள். ஸ்காட்லாந்தின் சேமிப்பில் பெரும்பங்கு அந்தப் பயணத்தை நடத்திய நிறுவனத்தில் முடங்கிக் கிடந்தது. ஸ்காட்லாந்தின் பழைய பெயரான கலிடோனியா என்று நாட்டுக்கும், நியூ எடின்பரோ என்று ஊருக்கும், செயின்ட் ஆண்ட்ரூ என்று கோட்டைக்கும் பெயர் வைத்தார்கள். காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியர் முற்றுகையும் சேர்ந்து 1700-க்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைய நேர்ந்த காரணங்களுள் அந்த நட்டமும் ஒன்று. சூட்டிய பெயர்கள் மறைந்தன; 'ஸ்காட்லாந்தரின் துறை' என்று ஸ்பானியர்கள் வைத்த பெயர் அந்த விரிகுடாவில் நெடுநாள் நின்றது.

ஆனால் டேரியன் என்ற பெயர் அங்கிருந்து மீண்டும் பயணம் செய்தது. 1736-இல் ஜார்ஜியாவின் தென்னெல்லையைக் காக்க இன்வெர்னஸ் பகுதியிலிருந்து திரட்டப்பட்ட மேட்டுநிலத்தார் அமைத்த ஊர் நியூ இன்வெர்னஸ் என்றும் டேரியன் என்றும் அழைக்கப்பட்டது. காலப்போக்கில் நின்றது டேரியன்தான். தாய்நாட்டின் பெயரைக் காட்டிலும் தாய்நாட்டின் தோல்வியின் பெயர் நிலைத்தது. 1739-இல் அவர்களுள் 18 பேர், ஜார்ஜியாவில் அடிமைகளை அனுமதிக்கக் கூடாது என்று கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றை அனுப்பினார்கள். பாதுகாப்பும் கூலிப் போட்டியும் அதிலிருந்த காரணங்கள்; மனித இயல்புக்கே ஒவ்வாதது என்ற வாதமும் அதில் இருந்தது. பெர்பிஸில் ஈஸ்டர் ராஸ்காரர்கள் செய்ததை மேலே எழுதியவன் என்ற முறையில் இதையும் எழுதுவது என் கடமை.

தென்தீவுவாசி

பெயர்கள் திரும்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியின் பெரிய ஆற்றுக்கு, கிளைட் ஆற்றின் கேலிக் பெயரையொட்டி கிளுத்தா என்று பெயரிட்டிருந்தார்கள். 1998-இல் ஙாய் தாஹு என்ற மாவோரி மக்களோடு அரசு செய்துகொண்ட தீர்வுச் சட்டத்துக்குப் பின்பு, அதன் அதிகாரப்பூர்வப் பெயர் கிளுத்தா ஆறு / மாதா அவ் என்று இரண்டாகிவிட்டது. 1774-இல் கேப்டன் குக் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளையொட்டிப் பெயரிட்ட நியூ ஹெப்ரிடீஸ் 1980-இல் விடுதலை பெற்றபோது வனுவாட்டு ஆனது. அதே ஆண்டில் அவர் பெயரிட்ட நியூ கலிடோனியா பிரெஞ்சு மொழியில் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு தீவுக்கூட்டங்களிலும் பெயர் வைக்கும்போது ஸ்காட்லாந்துக் குடியேறி ஒருவர்கூட இல்லை. மேலே நீங்கள் கிம்மர்பர்னைத் தள்ளுபடி செய்தது நியாயம் என்றால், இவை வாசலுக்குள்ளேயே வரக்கூடாது.

சிங்கைத் தெருக்காரர்

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தென் அட்லாண்டிக்கில் ட்ரிஸ்டன் டா குன்ஹா தீவில் 'ஏழு கடல்களின் எடின்பரோ' என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது எந்த வகை?

நிலப்படக்காரன்

அதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் குடியிருப்பைத் தொடங்கியவர் கெல்சோவைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைவீரர். 1816-இல் தீவுக்குச் சென்ற காவற்படை திரும்பியபோது குடும்பத்தோடு தங்கிவிட்டவர். உண்மையான குடியேறி என்றால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் ஊருக்கு எடின்பரோ என்ற பெயர் வந்தது அவர் மறைந்த பின்னர், 1867-இல், விக்டோரியா அரசியின் மகன் ஆல்ஃபிரட் இளவரசர் தீவுக்கு வந்தபோது. அவர் எடின்பரோ கோமகன். தீவினர் நாள்தோறும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதும் இல்லை. 'குடியிருப்பு' என்றுதான் சொல்கிறார்கள்.

என் பட்டியலில் இப்போது கில்டோனன், மாஸ்கீல், கிளென்கேரி, நேட்டாலின் டண்டீ ஆகிய நான்கும் நிற்கின்றன. ஜார்ஜியாவின் டேரியனுக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன். வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றங்கரையில் 1739 முதல் குடியேறிய ஆர்கைல் மக்களின் ஊர்ப்பெயர்களை யாரேனும் எடுத்து எழுதினால், அவற்றையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.